சத்தம் சரியில்லை என்று நான் சொன்ன கிட்டார்

போன தை மாதம் திண்டுக்கல்லில், இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடையில் நின்றுகொண்டு ஒரு பொய் சொன்னேன். இரண்டே வார்த்தைப் பொய்.

மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று சுற்றுவோம். மேடையில் பேஸ் கிட்டார்காரனை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவன் வாசிப்பதை நிறுத்தினால்தான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். என்னுடைய பழைய கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டதால் புதிது வாங்கப் போயிருந்தேன். எங்கள் குழுத் தலைவரும் கூட வந்திருந்தார்.

மூலையில் நான்கு கம்பி கிட்டார் ஒன்று இருந்தது. பளபளப்பே இல்லாத பழுப்பு நிறம். எடுத்துத் தடித்த கம்பியைச் சுண்டினேன். சத்தம் அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது. எனக்கு இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தலைவர் பார்த்தார். "ஏலே, கதவுக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி இருக்கு. வீடியோவுல இது தெரியவா போகுது? அந்தச் செவப்ப எடு. அஞ்சு கம்பி, பாத்தாலே ஒரு கெத்து இருக்கும்ல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக. பழுப்பை வைத்துவிட்டுச் சிவப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போகும் வயதில் ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். நான் வைத்ததும் அந்தப் பழுப்பு கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா என்னிடம் வந்தார். "தம்பி, மேடையில வாசிக்கிறவுக போல. பிள்ளை இதத்தான் கேக்குது. வாங்கலாமா?"

பக்கத்தில் தலைவர் நின்றார். அவர் முன்னால் நல்ல கிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய வித்வான் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "சத்தம் சரியில்லண்ணே" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்தாள். மறுபடி கம்பியைச் சுண்டிக் கேட்டாள். "எனக்கு இதுதான்ப்பா புடிச்சிருக்கு" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

பங்குனியில் நிலக்கோட்டையில் ஒரு வரவேற்பு. நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் என் சிவப்பு கிட்டாரில் ஒயர் செருகும் இடம் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. கெத்து மட்டும் மிச்சம், சத்தம் வரவில்லை. தலைவர் முறைக்கிறார், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். மேடைக்கு மல்லிகைச் சரம் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அதே அப்பா.

"தம்பி நீங்களா? வீடு பக்கத்துலதான். செத்த நேரம் இருங்க, பிள்ளையக் கொண்டாரச் சொல்றேன்."

அந்தப் பெண் ஸ்கூட்டியில் கிட்டாரோடு வந்தாள். உறையைக் கழற்றும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சத்தம் சரியில்லன்னு சொன்னீங்களேண்ணே, பரவாயில்லையா? அதுனாலதான் நான் காலேஜ் விழாவுலகூட வாசிக்கல. பேர் குடுத்துட்டு வேணாம்னுட்டேன்."

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை நம்பித்தான் கேட்டாள். கிட்டாரை வாங்கிக்கொண்டு மேடை ஏறினேன்.

அன்று மாலை நான் வாசித்ததுபோல் அதற்கு முன் வாசித்ததில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் தலைவரே, "ஏலே, இன்னைக்குக் கும்முனு இருக்கே" என்றார். அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்து தன் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது தலைவரும் பக்கத்தில் இருந்தார். அவர் கேட்டால் கேட்கட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எனக்கும் இதுதாம்மா புடிச்சிருந்துச்சு. இவுக சிரிச்சாகன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்ப நல்ல கிட்டார்தானாண்ணே?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் கடைசிப் பாட்டுக்கு நீயே வாசி என்று கூப்பிட்டபோது, கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னொரு நாளைக்குண்ணே" என்று பின்வாங்கினாள்.

என் காதை நான் நம்பாமல் போனது என்னோடு போயிருக்கும், சரியாகக் கேட்ட ஒரு பெண்ணின் காதையும் அவளே சந்தேகப்படும்படி செய்துவிட்டேனே என்பதுதான், இன்றைக்கும் யாராவது "எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டால் தலையைக் குனிய வைக்கிறது.