சைக்கிள் டைனமோவில் பதிந்த குரல்

சனிக்கிழமை காலை பத்து பத்துக்குக் கதவைத் திறந்தேன். முதலில் தெரிந்தது ஒரு கசெட் ரெக்கோடர். மூடி இடுக்கிலிருந்து பழுப்பு நாடா சுருள் சுருளாகத் தொங்கியது. அதைப் பிடித்திருந்த மேல்மாடி அக்காவை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

"தம்பி, இதை மிசின் திண்டிட்டுது. நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள்தானே, ஏதும் செய்யலாமோ?"

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் நான். அதற்கும் கசெட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கசெட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவின் கணவர் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். அக்கா ஊரில் இருந்தார். அப்போது எங்கள் ஆட்கள் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். ஊரில் புதுக் கசெட் கிடைப்பது கஷ்டம். வந்த கசெட்டைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அழித்த குரலை ஒருநாள் தேட வேண்டிவரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அக்காவும் கணவரின் பேச்சின் மேல் தன் பேச்சைப் பதிந்து அனுப்பினார்.

அவர் அதை இங்கே, கெல்சென்கிர்ச்சன் நகரத்தில், பத்திரமாக வைத்திருந்தார். பிறகு அக்காவும் வந்து சேர்ந்தார். பதினைந்து வருடம் கழித்து, மாரடைப்பில் அவர் இறந்தபிறகு, உடுப்பு அலுமாரியிலிருந்து அக்கா அதை எடுத்தார். அக்காவின் பதில் சிறியது. அது முடிந்த இடத்துக்குப் பின்னால், நாடாவின் கடைசியில், கணவரின் குரல் கொஞ்சம் அழியாமல் மிஞ்சியிருந்தது. அவர் குரலென்று வேறெங்கும் எதுவும் இல்லை. அக்கா அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார். நாடா சிக்கியதும் அந்த இடத்தில்தான்.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் இரண்டு இத்தாலியர்கள் வார இறுதிகளில் வாசிப்பார்கள். ஒருவர் கிற்றார், மற்றவர் டிரம்ஸ். பாடுவதில்லை. மெல்லத் தொடங்கி, சுவர் அதிரும்வரை ஏறி, பிறகு அடங்கும் நீண்ட இசை. அவர்களிடம் ஒலிப்பதிவுச் சாமான்கள் இருப்பதைப் பார்த்திருந்தேன்.

"உவங்களிட்டயோ?" என்றார் அக்கா. "பாட்டுக்காரர் எண்டு சொல்லுறாங்கள், ஒருநாளும் வாய் திறந்து கேக்கேல்லை."

"பாடத்தான் வாய் வேணும் அக்கா. திருத்தக் கை மட்டும் காணும். வாங்கோ."

டிரம்ஸ்காரர் கசெட்டின் திருகாணிகளைக் கழற்றினார். நாடாவைப் பென்சிலில் சுற்றி எடுத்து, கசங்கிய பகுதியை மெல்ல நீவினார். கிழிந்த இடத்தின் பின்புறத்தில் ஒட்டுப் போட்டார். ஒரு சொல் போகக்கூடும் என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். நான் அக்காவிடம் சொன்னேன்.

"எந்தச் சொல் எண்டு கேளுங்கோ."

அதை நான் கேட்கவில்லை.

முதலில் அக்காவின் குரல் வந்தது. ஆடு குட்டி போட்டது, மழை பிந்தியது, ஒழுங்கையில் புதுச் சனம் வந்தது. போகப்போகக் குரல் மெலிந்து மேலே ஏறியது, திடீரென்று இறங்கியது. கிற்றார்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேகத்தைத் திருகிப் பார்த்தார்.

அக்கா சிரித்துவிட்டார். "மிசினில பிழையில்லை. அப்ப ஊரில கரண்ட் இல்லை. என்ர அப்பா சைக்கிளை ஸ்ராண்டில விட்டு மிதிச்சார், டைனமோவிலதான் பதிஞ்சது. அவர் களைக்கக் களைக்க மிசின் மெள்ள ஓடிப் பதியும், இப்ப போட்டுக் கேக்கேக்க நான் கீச்சிடுவன்."

மொழிபெயர்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிற்றார்காரர் திருகியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பாவுக்கு ஏலாதாம், நிப்பாட்டுறன்" என்றது நாடாவில் அக்காவின் குரல். ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு கணவர் பாதி வசனத்திலிருந்து பேசினார்: "...குளிர் அவ்வளவு இல்லை. ஜம்பர் ஒண்டு வாங்கிட்டன். நீ யோசிக்காத. சோறு காய்ச்சப் பழகிட்டன். முதல் நாள் கஞ்சியாப் போச்சு, பிறகு..."

நாடா முடிந்தது. 'ஜம்பர்' என்ற சொல்லில் சின்ன வெட்டு விழுந்திருந்தது. மற்றதெல்லாம் இருந்தது.

"அப்பா இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தா இதுவும் போயிருக்கும்" என்றார் அக்கா. "கிழவன் களைச்சது நல்லதாப் போச்சு."

அன்றே அவர்கள் அதை ஒரு சீடியில் பதிந்து கொடுத்தார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு இருவரும் என் கதவைத் தட்டினார்கள். புதுப் பாட்டொன்று செய்கிறார்களாம். நினைவைப் பற்றியது, இழந்த காதலைப் பற்றியது. கிற்றார்காரரை விட்டுப் போன ஒரு பெண்ணை நினைத்துத் தொடங்கியது. அதில் முதல்முறையாக ஒரு மனிதக் குரல் வேண்டும். அந்தக் கணவர் பேசுவதை எடுக்கலாமா?

மேலே போய்க் கேட்டேன். அக்கா தேத்தண்ணியை நெடுநேரம் கலக்கினார்.

"அவற்ற குரல் தரேலாது தம்பி. அது எனக்கு. வேணுமெண்டா என்ரயை எடுக்கட்டும். ஆட்டுக்குட்டிக் கதையை வெட்டவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ."

சொன்னேன். கிற்றார்காரர் உடனே தங்கள் கணினியில் இருந்த கணவரின் பகுதியைத் தானாகவே அழித்தார்.

பத்திரிகையில் இருந்தபோது இறந்தவர் வீட்டார் போடும் 'நன்றி நவிலல்' அறிவித்தல்கள் எத்தனையோவைத் திருத்தியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே சொற்கள்தான், பெயர்கள்தான் மாறும். அந்த இருவருக்கும் நான் ஜெர்மன் மொழியில் நன்றியாகச் சொன்னது ஒரு 'டாங்க' மட்டும். அது அன்றைக்கே போதவில்லை. தமிழ் தெரியாத இரண்டு பேர், ஒரு துண்டு நாடாவை எங்களைவிடக் கவனமாகக் கையாண்டார்கள். அதில் எதைக் கேட்கலாம், எதை விட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கமொன்றின் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அந்தப் பாட்டை முதன்முதலாக வாசித்தார்கள். அக்கா சேலைக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். டிரம்ஸ்காரர் ஒரே தாளத்தில் அடிக்கவில்லை. நாடாவில் அக்காவின் குரல் மேலே ஏறும்போது அடி தளர்ந்தது. இறங்கும்போது வேகம் பிடித்தது.

"தம்பி, அப்பாதான்" என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். "எப்பிடி மிதிக்கிறார் பாருங்கோ."

அப்பாவுக்கு ஏலாதாம் என்று சொல்லிக் குரல் நின்றது. இருவரும் வாத்தியங்களிலிருந்து கையை எடுத்தார்கள். நாடாவில் அதற்குப் பிறகு இருப்பது அந்தப் பாட்டில் இல்லை.