எலும்பு சிமெண்ட் இறுகும்வரை

கண்ணைக் கரிக்கும் அந்த வாசனைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தது போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு காரமாக… எலும்பு சிமெண்ட்டின் வாசனை.

ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருஷம். ஆபரேஷன் தியேட்டரில் டேபிளின் தலைமாட்டில் நிற்பது என் வேலை.

அன்று படுத்திருந்தவர் லட்சுமம்மா, சூளகிரிப் பக்கத்து விவசாயி. கொத்தமல்லித் தோட்டத்தில் தண்ணீர் கட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்திருந்ததால் விழித்துக்கொண்டுதான் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் விரலை இறுகப் பிடித்தார்.

அப்போதெல்லாம் பவுடரையும் திரவத்தையும் கிண்ணத்தில் ஊற்றிக் கையாலேயே கிளறுவோம். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும், டாக்டர் அதைத் தொடை எலும்பின் குழிக்குள் விரலால் அழுத்தி அடைத்தார். அதற்குள் செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத் தண்டை இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிமெண்ட் இறுகும்வரை அது இம்மியும் நகரக் கூடாது. நகர்ந்தால் பிற்பாடு கழன்று ஆடும். மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து லட்சுமம்மா சொன்னார்.

"கண்ணு… இருமல் வருது."

டாக்டருக்குத் தமிழ் வராது, கன்னடம்தான். "அல்லாடபேடி அம்மா" என்றார்.

"அசையக் கூடாதாம்மா. கொஞ்சம் அடக்கிக்கங்க. நான் இங்கதான் இருக்கறேன்" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

மீந்த சிமெண்ட்டில் ஓர் உருண்டை, கையுறை போட்ட என் உள்ளங்கையில் இருந்தது. உள்ளே இறுகுவதைத் தெரிந்துகொள்ள அப்படித்தான் வைத்திருப்போம். அது மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது.

"சூடு ஏறுதும்மா. இன்னும் கொஞ்சந்தான்."

உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன்… நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

உருண்டையைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி சத்தம். டாக்டர் கையை எடுத்தார்.

"இப்ப நல்லா இருமுங்கம்மா."

இருமித் தீர்த்துவிட்டு, "இத்தனை நேரம் நான் வாயடக்கிக் கெடந்ததே இல்ல, கண்ணு. எங்க வூட்டுக்காரர் நம்ப மாட்டாரு" என்றார்.

மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து வார்டு வாசல்வரை நடந்தார். சில வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வந்தபோதும், வைத்த இடத்திலேயே இருந்தது தண்டு.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. சிமெண்ட்டைக் காற்றில்லாத மூடிய குடுவையில் கலக்குகிறோம். எலும்புக் குழியைப் பீய்ச்சிக் கழுவி, அடியில் அடைப்பு வைத்து, துப்பாக்கி போன்ற கருவியால் கீழிருந்து நிரப்புகிறார்கள். இன்னும் உறுதியாகப் பிடிக்கிறது. நோயாளி லேசாகத் தூங்கவும் மருந்து உண்டு.

கண் விழித்ததும், "முடிஞ்சிடுச்சாங்க?" என்கிறார்கள்.

"முடிஞ்சிடுச்சுங்க."

எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அவர்களுக்கு அது எத்தனை நிம்மதி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும்… வார்டுக்கு அனுப்பும்போது, கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான் பெயரைச் சொல்கிறேன்.