மச்சான் கையில் கயிறு

இஞ்ஞாசி கடவுளானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம், அந்தோணியார் திருவிழாவின் மூன்றாம் நாள் பிரசங்கத்தில். அதற்கு முன்பு அவர் சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர். பின்பும் அதேதான். உத்தியோகம் மாறவில்லை, ராஜினாமா செய்கிற உரிமைதான் போய்விட்டது.

பிரசங்கம் செய்தவர் சூசைமாணிக்கம் சாமியார். திருச்சிப் பக்கம், உள்நாட்டுக்காரர். உப்பளத்து ஊருக்குப் போனால் உப்பை எடுப்பார், பனங்காட்டு ஊரில் பனையை எடுப்பார். எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் உபதேசியாரைக் கூப்பிட்டு, "இங்கே ஜனங்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?" என்று கேட்பது அவர் வழக்கம். எங்கள் உபதேசியார் கயிற்றைச் சொன்னார். முத்துக் குளித்த காலத்திலிருந்தே கடலில் இறங்குகிறவனுடைய கயிறு அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் இருக்கும். வேறு யாருக்கும் அவனை மேலே இழுப்பதில் அவ்வளவு அக்கறை இருக்காது என்பது இந்தக் கரையின் கணிப்பு. சாமியார் தேநீரைக் கீழே வைத்துவிட்டாராம்.

பிரசங்கம் என்றால் சத்தம் என்று நினைப்பவர்கள் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கூட்டம் அடங்கிய பிறகு இன்னும் குரலைத் தாழ்த்துவார். பின்வரிசைக்காரன் முன்னால் குனிவான். குனிந்தவனை நிமிர விடமாட்டார்.

"கல்லில் கால் வைத்து இறங்குகிறாய், மகனே. ஏழு பாகம் ஆழம். வெளிச்சம் போகிறது. மூச்சும் போகிறது. நீ பொறுக்கிய சங்கே உனக்குக் கனக்கிறது. கயிற்றை அசைக்கிறாய். மேலே யார் இருக்கிறார்?"

வெறுங்கையால் காற்றில் கயிறு இழுத்தார். ஒரு பிடி. இரண்டு பிடி. மூன்றாவது பிடிக்குப் பெண்கள் பக்கத்தில் தோள்கள் தாமாகவே அசைந்தன.

"உன் மனைவியின் அண்ணன்! தன் தங்கை தாலியறுக்கச் சம்மதிக்காதவன்! திருச்சபை மணவாட்டி என்றால், அவளுக்காகக் கயிறு பிடிக்கிறவர் யார்?"

வேதப்படி கிறிஸ்து மணவாளன், கயிறு பிடிக்கிறவரோ மைத்துனன்; முறை வைத்துப் பார்த்தால் பெரிய குழப்பம். வேதசாஸ்திரம் படித்த பங்குச்சாமி நெற்றியைத் தடவிக்கொண்டார். அழுதுகொண்டிருந்தவர்களுக்கு முறையெல்லாம் தேவைப்படவில்லை. கடைசியில் சாமியார் பெயரையும் சொன்னார்: "மாசி மாதம் கிளாட்வினைக் கடல் கேட்டது. இஞ்ஞாசி கொடுக்கவில்லை. அந்தக் கை விடவில்லை!"

அந்தக் கை விட்டுவிட்டது என்பது கோவிலில் ஒருவருக்குத்தான் தெரியும்.

கார்த்திகையிலிருந்தே இஞ்ஞாசிக்கு வலதுகையில் கடைசி இரண்டு விரலும் மரத்துப்போயிருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் அன்றைக்குப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கயிறு அசைந்தது. அசைந்ததே அவருக்குத் தெரியவில்லை. பார்த்தபோது கயிற்றின் தலைப்பு நழுவித் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. தங்கை இசபெல்லாவின் புருஷன் கிளாட்வின் கயிறில்லாமல் தானே உந்தி, வள்ளத்தின் மறுபக்கம், மூக்கில் ரத்தத்தோடு, பாதி நினைவில் எழுந்தான். இஞ்ஞாசி பாய்ந்து அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தது அந்தத் தூக்கலைத்தான்.

கடவுள் இஞ்ஞாசியைப் போல என்று சாமியார் சொன்னார். இஞ்ஞாசி கடவுளைப் போல என்று ஊர் எடுத்துக்கொண்டது. உவமைக்கு ஒரு திசைதான் உண்டு என்பது படித்தவர்களின் நம்பிக்கை. மறுநாள் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அவர் வாசலில் நின்றாள், தலையில் கை வைக்கச் சொல்லி. எந்தக் கை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த குளிப்புக்குள் கயிற்றை விட்டுவிடுவது என்று இஞ்ஞாசி ஏற்கெனவே முடிவுசெய்திருந்தார். இன்னொரு தடவை நழுவினால் கிளாட்வின் வரமாட்டான். உப்பளத்தில் காவல் வேலை தருவதாக ஜெயசிங் அண்ணாச்சி ஒத்துக்கொண்டுமிருந்தார். பிரசங்கத்துக்குப் பிறகு போய்க் கேட்டால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒம்மள எடுத்தா பழி எனக்குலா வேய் வரும்? வள்ளத்துல போற அத்தன பேரும் ஒம்ம கைய நம்பில்லா எறங்குதான்! உப்புக்குக் காவல் நிக்கவா ஆண்டவர் ஒமக்கு அந்தக் கையக் குடுத்தாரு?"

ஐந்தாம் நாள் இஞ்ஞாசி, சாமியார் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக் கூடாது; அங்கே சொன்னால் சாமியார் வாயைத் திறக்க மாட்டார். இஞ்ஞாசிக்கு வேண்டியதோ அவர் வாயைத் திறப்பதுதான். அதனால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று பீடி, விரல், நழுவல் எல்லாவற்றையும் சொன்னார். "நீங்க ஏத்துனத நீங்கதான் சாமி எறக்கணும்."

சாமியார் சீலா மீனின் முள்ளை எடுப்பதை நிறுத்தினார். பாவத்தைக் கேட்கிற குருவின் கண்ணாக அது இல்லை. மீன் மொய்ப்பதைக் கண்ட வலைக்காரனின் கண்ணாக இருந்தது.

"சொல்லுகிறேன், இஞ்ஞாசி. ஒன்பதாம் நாள் சொல்லுகிறேன்."

சொன்னார், வாக்குத் தவறவில்லை. "ஒரு மனிதன் என்னிடம் வந்தான். பெயர் சொல்ல மாட்டேன்" என்று அவர் ஆரம்பித்ததும் கோவில் முழுவதும் திரும்பி இஞ்ஞாசியைப் பார்த்தது. "சாமி, நான் பிடிக்கவில்லை என்றான். என் கை விட்டுவிட்டது என்றான்." நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமலே மடித்து வைத்தார். "அப்படியானால் இழுத்தது யார்? பிள்ளைகளே, இழுத்தது யார்?" மூன்றாம் தடவை கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. "இழுத்தவன் சொல்லுகிறான், நான் இழுக்கவில்லை என்று. தாழ்மைக்கு வேறு இலக்கணம் வேண்டுமா?"

இஞ்ஞாசி தூணோடு சாய்ந்துகொண்டார். இனி அவர் எந்த உண்மையைச் சொன்னாலும் அது தாழ்மை. பொய் சொல்லித் தப்பலாமென்றால், சொல்லவேண்டிய பொய்யை ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் குளிப்புக்கு நாள் குறித்தார்கள். இஞ்ஞாசி கிளாட்வின் வீட்டுக்குப் போனார். அவன் கல்லுக்குப் புதுக்கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இசபெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, அன்னைக்கு நான் கயித்த விட்டுட்டேன்."

"தெரியும் மச்சான்."

இஞ்ஞாசிக்கு மூச்சு வந்தது. "தெரியுமா?"

"சாமிதான் ஒம்பதாம் நாள் சொன்னாவள்லா."

"ஏலே, நெசமாவே விட்டுட்டேன்லே! பீடி பத்தவச்சேன்!"

"பீடின்னு சொல்லு, சுருட்டுன்னு சொல்லு. நான் உயிரோடதான இருக்கேன்?"

இஞ்ஞாசி பேச்சை விட்டார். வாயிலிருந்த பீடியை எடுத்து, நெருப்பை வலது சுண்டுவிரலில் அழுத்தினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. தோல் கருகி நாற்றம் வந்தது. "இந்தா பாரு. சுடுதது கூடத் தெரியல. இதுக்கா கயிறு அசையுதது தெரியும்?"

இசபெல்லா கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். "யேசுவே!" என்று அந்த விரலைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆண்டவரோட அஞ்சு காயத்துல ஒண்ணுண்ணே இது. நோவே தெரியலியே, பாத்தீயளா?"

"ஏளா, நீ போ அங்கிட்டு" என்றான் கிளாட்வின்.

அவள் விரலை விடாமல் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள், அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்ல.

கிளாட்வின் விரலைப் பார்த்தான். இடுப்பிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து அடுத்த விரலில் குத்தினான். இஞ்ஞாசி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஊக்கை மடக்கி வைக்க அவனுக்கு நேரமாயிற்று.

"இதோடவா மாசியில…"

"ஆமா."

"சொல்லிருக்கலாம்லா மச்சான்."

"ஆருகிட்ட சொல்லணும்ங்குத? சாமிகிட்டயா?"

அவன் சிரிக்கவில்லை. "வேற ஆரு பிடிக்க? ஒங்கப்பன் இன்னொரு ஆம்பளப் பிள்ளையப் பெத்துப் போடலியே."

"கூலிக்கு ஒருத்தன வையி."

"ஒன் தங்கச்சி விடுவாளா? வள்ளத்துக்காரன்தான் விடுவானா? நீ இல்லாத வள்ளத்துல ஒருத்தனும் ஏறமாட்டான்னு மொகத்துக்கு நேரே சொல்லுதான். நான் எறங்கலேன்னா அடுப்பெரியாது." கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். "அந்தச் சாமி இனிமே எந்த ஊருல கெடக்காவளோ."

முதல் நாள் குளிப்பு. ஏழு பாகத்தில் வள்ளம் நின்றது. கிளாட்வின் கல்லில் கால் வைக்கும்போது, இஞ்ஞாசி கயிற்றின் தலைப்பைத் தன் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, இடதுகையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

அடுத்த வள்ளத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏலே, ஆண்டவரு ஓடிப்போயிருவாருன்னு கட்டிப் போட்டிருக்கியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளாட்வின் முடிச்சைப் பார்த்தான்.

"அப்ப நான் மேல வராட்டி நீ கீழ வருவ."

"வேற என்ன செய்யச் சொல்லுத?"

கிளாட்வின் சிலுவை போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தான். கல் இறங்கியது. கயிறு சரசரவென்று ஓடி, நின்று, இஞ்ஞாசியை வள்ளத்தின் விளிம்போடு சேர்த்து இழுத்தது. அவர் இரண்டு முழங்காலையும் பலகையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார். இடுப்பு மரத்துப்போயிருக்கவில்லை. கீழே அவன் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அங்கே நன்றாகத் தெரிந்தது.