தலைகீழாகத் திருப்பிய பாட்டுத் தாள்

சாந்தாமேரிக்கு வயது ஐம்பத்தெட்டு. வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்தொரு வருடமாகக் காப்பிக்கொட்டை பொறுக்குகிறார். எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுபவர். படிப்பு எட்டாம் வகுப்பு. சுரங்களை எழுத்துகளாகவும் தாளத்தை இரட்டைப் புள்ளிகளாகவும் எழுதும் சோல்ஃபா முறையை மிஷன் பள்ளியில் கற்றவர். குழுவின் வருகைப் பதிவேடு என்னிடம் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல முடியும்: பத்தொன்பது ஆண்டுகளில் அவர் பயிற்சிக்கு வராத நாள்கள் நான்கு. அதில் ஒன்று மகள் ஜெஸ்லினின் பிரசவம்.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. குழுத் தலைவர் ஜாபெஸ் முதன்முதலாகத் தானே மெட்டமைத்த பாட்டு மறுநாள் அரங்கேற வேண்டும். சேலத்துக் குழு ஒன்றும் சேர்ந்து பாடுகிறது. அவர்கள் ஆராதனைக்கு அரைமணி முன்புதான் வருவார்கள். தாளை வாங்கி அப்படியே பாட வேண்டும். ஒண்டிக்கடை ஜங்ஷனில் ஜெராக்ஸ் எடுத்த அறுபது பிரதிகள் மேசைமேல் இருந்தன. இரண்டு முறை பாடிப் பார்த்து, பிழையில்லை என்று பதிவேட்டில் நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சாந்தாமேரி மட்டும் தாளைத் தலைகீழாகத் திருப்பி, கட்டைவிரலால் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, என்ற பாட்டத் தலைகீழாப் பாடப் போறீங்களா?" என்றார் ஜாபெஸ்.

"நேராப் பாத்தா ராகம் வந்து கண்ண மறைச்சிருது கண்ணு. கொட்டை பொறுக்கி முடிச்சதும் தட்டச் சுத்தித் திருப்பி வெச்சு இன்னொருக்கா பாப்போம். அப்பத்தான் கருப்புக்கொட்டை தெரியும்." விரல் நின்றது. "இருபத்திமூணாவது கட்டம். ஆல்டோவுக்கு நாலு அடி இருக்கோணும், மூணுதான் இருக்குது."

"மூணு வாரமாப் பாடறோம், ஒருத்தருக்கும் தட்டலீங்களே?"

"நமக்கு மனப்பாடம் சாமி. சேலத்துக்காரங்க தாள்ல இருக்கறதத்தான பாடுவாங்க?"

ஜாபெஸின் முகம் சுருங்கியது. நான்கு நான்காகக் கைதட்டச் சொல்லி, தாளில் உள்ளதை மட்டும் சாந்தாமேரி பாடிக் காட்டினார். நாங்கள் நீட்டிக்கொண்டிருக்க, அவர் குரல் ஓர் அடி முன்னதாகவே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. தட்டச்சு செய்தபோது ஒரு நீட்டல் கோடும் அதன் புள்ளிகளும் விடுபட்டிருந்தன.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் என்ற பாட்டு கவுந்திருக்கும்" என்றார் ஜாபெஸ், நாற்காலியில் உட்கார்ந்து.

"கவுறலையே. பேனா எடு."

மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. மறுபடி ஜெராக்ஸ் எடுக்க வழியில்லை. ஐம்பத்தொன்பது பிரதிகளில் விடுபட்ட கோட்டையும் புள்ளிகளையும் அவரே போட்டார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்த பிறகே அடுக்கினார். அறுபதாவதை என்னிடம் நீட்டினார். "இது அப்படியே இருக்கட்டுமுங்கண்ணா. எங்க தப்புன்னு நோட்டுல இருக்கோணுமில்லீங்க."

ஞாயிறு காலை இருபத்துமூன்றாவது கட்டம் வந்தது. சேலத்து ஆல்டோக்கள் எங்களோடு சேர்ந்து நீட்டி, எங்களோடு சேர்ந்தே இறங்கினார்கள். முடிந்ததும் அவர்கள் தலைவர், "தாள் நொம்ப சுத்தமுங்க. யாரு சரிபாத்தது?" என்று கேட்டார்.

"எங்க ஆல்டோ அக்காதானுங்க" என்று ஜாபெஸ் சாந்தாமேரியைக் கைகாட்டினார்.

அன்றே அந்த அறுபதாவது தாளைப் பதிவேட்டில் ஒட்டினேன். எதிர்ப் பக்கத்தில் 'பிழையில்லை' என்ற என் வரியை அடித்து, அதன்மேல் சாந்தாமேரியின் கையெழுத்தை வாங்கினேன். இனி எந்தப் பாட்டும் அச்சுக்குப் போகுமுன் அங்கே முதல் கையெழுத்து அவருடையது.