உப்புக் கை

மகள் திருப்பூருக்குப் போனபின் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டின் லய வீட்டில் சாந்தம்மாள் தனியாள். போன வாரம் மழையோடு வாசலேறி வந்த நத்தையைக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் உள்ளங்கையில் எடுத்து வைப்பாள். அது குபுகுபுவென்று நுரைக்கும்.

"என்னையக் கண்டா அம்புட்டுக் கொண்டாட்டமா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. குளித்துவிட்டு வந்து எடுத்தாள். நுரையே இல்லை. கொம்பை நீட்டி நிதானமாக ஊர்ந்தது.

"ஏட்டி, கோவமா?" என்று கேட்டவளின் கண், கொடியில் தொங்கிய உப்புத்துணியில் விழுந்தது. காட்டில் அட்டை ஏறாமலிருக்க அவள் தினமும் கையில் அள்ளிக் காலில் தேய்க்கும் உப்பு. உப்புப் பட்ட அட்டை எப்படி நுரைதள்ளித் துடிக்கும் என்பதை ஆயுள் முழுக்கப் பார்த்தவள் அவள்.

மறுநாள் வேலை விட்டு வந்து, கையை மூன்று முறை கழுவினாள். அப்படியும் பாட்டிலைத் தொடாமல், கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, எட்ட உட்கார்ந்தே பேசினாள்.