பால் கடை வீட்டில் பால் ஆகாத குழந்தை

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே என் நைனா பால் கடை வைத்திருக்கிறார். காலையில் பால், மதியம் தயிர், நாள் முழுக்க டீ. அந்த வீட்டில்தான் என் மகளுக்குப் பால் ஆகவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். குழந்தை பிறந்த சில வாரங்களில் எனக்கு மார்பில் கட்டி வந்தது. அதை அறுத்து, மருந்து சாப்பிட்டுத் தேறி எழுவதற்குள் பால் வற்றிவிட்டது. அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு, கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பால் பவுடரைத் தொடங்கினோம். தொல்லையும் அப்போதுதான் தொடங்கியது. குடித்த சற்று நேரத்தில் காலை மடக்கிக்கொண்டு கத்துவாள். வாயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும். மலம் சளியோடு போகும். ஒருநாள் அதில் நூல் போல ரத்தம் தெரிந்தது. எடை ஏறவே இல்லை.

என் வேலை மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது. எங்கள் வேலையில் முதல் விதி, ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களை மாற்றக்கூடாது. மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. இந்த விதியை அலுவலகத்தில் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். செஞ்சி கடைத்தெருவில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டுப்பால் கொடு, கழுதைப்பால் ஒரு சங்கு போதும், கேழ்வரகுப் பால் ஊற்று, பவுடரில் தண்ணீரைக் கூட்டு. சொன்னவற்றை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டேன், ஒவ்வொன்றையும் காரணத்தோடு அடிப்பதற்காக.

நைனாவின் பாடுதான் பெரிய பாடு. டீ குடிக்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஊருக்கே ஊத்துற பாலு, சொந்தப் பேத்திக்கு ஆவலயாமே. பழக்கம் இல்லாம தண்ணி கலக்காத பாலா குடுத்துட்டியா?"

நைனா அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் முறையிடுவார். "தொண்டூர்லேர்ந்து வர்ற நாட்டு மாட்டுப் பாலு ரெண்டு கரண்டி குடுத்துப் பாரேம்மா. டின்னுல இருக்கறதும் பாலுதான?"

"அதான் நைனா பிரச்சனை. டின்னுல இருக்கறதும் பாலுதான்."

மருந்துக்கடைக்காரர் வேறொரு டின்னை எடுத்து நீட்டினார். "லாக்டோஸ் இல்லாதது மேடம். பால் செரிக்காத குழந்தைங்களுக்கு எல்லாரும் இததான் வாங்கறாங்க." டின்னைத் திருப்பிப் படித்தேன். பாலில் உள்ள சர்க்கரையைத்தான் எடுத்திருந்தார்கள். பாலின் புரதம் அப்படியே இருந்தது. ரத்தமும் தடிப்பும் சர்க்கரையால் வருமா என்று எனக்குச் சந்தேகம். டின்னைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மாவோடு திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அங்கே குழந்தை மருத்துவர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். குழந்தையைப் பார்த்தார், தடிப்பையும் மலத்தையும் நான் எடுத்து வைத்திருந்த படங்களையும், அந்த டின் படத்தையும் பார்த்தார். இவளுக்கு ஒத்துக்கொள்ளாதது பாலின் புரதம், சர்க்கரை அல்ல என்றார். ஆட்டுப்பால் புரதமும் ஏறக்குறைய அதே மாதிரிதான் என்பதால் அது வேண்டாம். சோயாவும் இந்த வயதில் வேண்டாம், இப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு அதுவும் சேராது. புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் பவுடர் ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

"இதுக்கும் சரியாகலன்னா?" என்று கேட்டேன்.

"இன்னும் நுணுக்கமா உடைச்சது இருக்கு. சென்னையிலேர்ந்து வரவழைக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி பாண்டிச்சேரியில அட்மிட் பண்ணிப் பார்க்கணும்னு சொல்லுவேன். எடை ஏறல இல்லையா?" பிறகு அம்மாவைப் பார்த்தார். "பவுடர் தவிர வேற எதாவது சாப்பிடக் குடுக்கறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். இவ உடுவாளா?"

புது டின்னைத் திறந்ததும் வீடு முழுக்க ஒரு நாற்றம். வேகவைத்த உருளைக்கிழங்கை மூடி மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. "இத மாடு கூட மோந்து பாக்காது" என்றார் அம்மா. மகள் முதலில் துப்பினாள். பசி முற்றியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள், பிறகு சுளிக்காமலும் குடித்தாள். கத்தல் குறைந்தது. வாயைச் சுற்றியிருந்த சிவப்பு மங்கியது. ஆனால் முழுதாகப் போகவில்லை. மலத்தில் சளி நிற்கவில்லை, இடையிடையே அந்த ரத்த நூலும் வந்தது. எடை ஏறியது ஏறாத கணக்குதான்.

"டின்ன மாத்திடு" என்றார் நைனா. "பாண்டிக்கே போயிடலாம்" என்றார் வாரக் கடைசியில் வந்த என் கணவர். டாக்டரை அழைத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், அடுத்த முறை வரும்போது முடிவு செய்யலாம் என்றார். அத்தனை சின்ன உடம்பில் ஊசி குத்திப் பரிசோதிப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் டின்னை மாற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழந்தையைக் குளிப்பாட்டும் பெரியம்மா தொண்டூரில் மகள் வீட்டுக்குப் போனார். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் காலையில் வந்து தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். அவர் இல்லாத நாட்களில் அம்மாவே ஊற்றினார். அந்த நாட்களில் என் மகள் தெளிந்தாள். மலம் சுத்தமாகப் போனது. தூக்கத்தில் சிரித்தாள். டின் வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் செய்தி சொன்னேன். பெரியம்மா திரும்பி வந்தார். சளி திரும்பியது, அதன் பின்னால் ரத்த நூலும்.

டின் அதே டின். கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர், பாட்டில், அளவுக் கரண்டி, எல்லாம் அதேதான். மாறியது ஆள் மட்டும்.

குளிப்பாட்டும் நேரத்தில் நான் எப்போதும் சமையலறையில் பாட்டில்களைக் கொதிக்கவைத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குளித்து முடித்த குழந்தை துண்டில் சுருண்டு மடியில் கிடந்தது. பக்கத்தில் உரைகல். வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், ஒவ்வொன்றையும் கல்லில் இரண்டு சுற்று இழைத்து, விழுதை விரலில் வழித்துக் குழந்தையின் நாக்கில் தடவப் போனார். இழைப்பதற்காக அம்மா ஒரு சின்ன டம்ளரில் எதையோ வைத்திருந்தார்.

"பெரியம்மா, நாக்குல வெக்காதீங்க. டம்ளர்ல இன்னாது?"

"பாலு கண்ணு. உரை மருந்த தாய்ப்பால்லதான் உரசணும். உனுக்கு இல்லியே. அதான் உங்கம்மா மாட்டுப் பாலு குடுக்குது."

அம்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டு சொட்டுடி" என்றார் அம்மா. "நான் உரசுனா பதம் வராதுன்னு, இவங்க ஊருக்குப் போனப்ப அதக்கூட குடுக்கல."

"டாக்டர் கேட்டப்ப ஒண்ணும் குடுக்கலன்னியே?"

"சாப்ட இன்னா குடுக்கறீங்கன்னு கேட்டாங்க. இது மருந்து. மருந்து இன்னா சாப்பாடா?"

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் பெரிய நிம்மதி. ரத்தம் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் நிறுத்தக்கூடிய காரணம். பால் கடைக்காரர் வீட்டில் பாலைத் தேடிப் போக வேண்டியதில்லை, கை நீட்டினால் இருக்கும். அதனாலேயே அது யார் கண்ணிலும் படவில்லை.

பெரியம்மாவின் முகம்தான் வாடிவிட்டது. "உன்னையும் இதே கல்லுலதான் உரசி வளத்து உட்டேன். நீ இன்னா கெட்டா பூட்ட?"

"நான் நல்லாத்தான் இருக்கறேன் பெரியம்மா. எனக்கு பாலு ஆச்சு. இவளுக்கு ஆவல, ரெண்டு சொட்டு கூட."

"தண்ணில உரசுனா?" என்றார் அம்மா.

டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து அதையும் கேட்டேன். பாலில் மட்டும் இல்லை, தண்ணீரிலும் வேண்டாம், இந்த வயதில் உரை மருந்தே வாய்க்குள் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பெரியம்மா கல்லைக் கழுவிக் கவிழ்த்தார். "தொப்புள சுத்தி வெறும் தண்ணில சுட்ட வசம்பு உரசிப் பூசலாமா, அதுக்கும் உன் டாக்டர கேக்கணுமா?" என்றார். கேட்டேன். தோல் சிவக்காமல் இருந்தால் பூசலாமாம். மறுநாள் தொப்புளைச் சுற்றி ஒரு கரிய வட்டத்தோடு என் மகள் துண்டில் படுத்திருந்தாள். பெரியம்மாவுக்கும் மனம் ஆறியிருந்தது.

டின்னை மாற்றவில்லை. வேறு எதையும் மாற்றவில்லை. நாட்கள் போகப் போக சளி நின்றது, ரத்தமும் நின்றது. கன்னத்தில் சதை தெரிந்தது. ஆனாலும் தராசில் ஏறாமல் நான் எதையும் நம்புவதாக இல்லை.

திண்டிவனத்தில் டாக்டர் எடை பார்த்தார். பழைய எடையோடு ஒப்பிட்டுவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வி, இந்த முறை கொஞ்சம் மாற்றி: "பவுடர் தவிர வாய்க்குள்ள வேற என்ன போச்சு?"

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மருந்து இல்ல டாக்டர். தேன் இல்ல, சர்க்கரத் தண்ணி இல்ல. முந்தாநேத்து என் முந்தானைய சப்புச்சு. தொவைச்ச பொடவதான். நேத்து என் வெரல புடிச்சி கடிச்சுது, கை கழுவியிருந்தேன். அப்பறம் அவங்க தாத்தா கடையிலேர்ந்து வந்து முத்தம் குடுத்தாரு. கன்னத்துலதான். மூஞ்சி கழுவிட்டு வான்னு தொரத்திட்டேன்."

அதிகம் பேசாத டாக்டர் அன்று வாய்விட்டுச் சிரித்தார். பாண்டிச்சேரி வேண்டாம், சென்னை டின்னும் வேண்டாம் என்றார்.

திரும்பும் பேருந்து வல்லம் தாண்டும்போது நைனாவிடமிருந்து அழைப்பு. பின்னால் டீ ஆற்றும் சத்தமும், யாரோ கடன் சொல்வதும் கேட்டது.

"இன்னாச்சும்மா? எந்த பவுடர் எழுதுனாங்க?"

"அதே டின்தான் நைனா."

"அதே நாத்தமா?"

"அதே நாத்தம்தான்."

போனை வைக்காமலே அவர் கடையில் இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "என் பேத்தி எடை ஏறிட்டா. நம்ம கடை பாலு அவளுக்கு வேணாமாம்."