கரி மூடிய விளக்கு

குற்றாலச் சாரலில் வானமே தெரியவில்லை. நான் பாடம் நடத்தும் இலஞ்சிப் பள்ளிக்கு நட்சத்திரம் காட்ட வந்தவர், ஜன்னல்களை அடைத்துவிட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றினார். ஒல்லியான மனிதர். எதையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு.

"நட்சத்திரத்துல ஹைட்ரஜன்தான் நிறைய. சிலதுல அது தீந்துபோயிருக்கும். ஹீலியமும் கரியுந்தான் மிச்சம். அந்த நட்சத்திரம் திடீர்னு கரிப்புகையைக் கக்கித் தன்னையே மூடிக்கிடும்."

திரியை உயர்த்தினார். கண்ணாடி கறுத்து அறை இருண்டது.

"அணைஞ்சிட்டு சார்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"இல்ல. உள்ள எரியுது. புகை விலகினா திரும்பத் தெரியும்."

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "எங்கப்பா பட்டாளத்துல இருக்காவ. ரொம்ப நாளா போனே வரல. அவியளும் அப்படித்தானா சார்?"

கதவிடுக்கு வெளிச்சத்தில் அவர் புறங்கை கண்ணாடியைத் தொடுவது தெரிந்தது. கையை எடுக்கவேயில்லை. உள்ளே எரிந்து கண்ணாடி கொதித்ததா, அணைந்து ஆறிப்போயிருந்ததா? இன்றும் எனக்குத் தெரியாது.